காய்ச்சல் விட்ட நாளில் பஸ் ஏற வேண்டாம்

கேள்வி: நாங்கள் ஹட்டன் பக்கத்துத் தோட்டம். மகன் கொழும்பில் கடையில் வேலை, மகள் கட்டுநாயக்கவில் கார்மென்ட்ஸ். போன தீபாவளிக்கு வந்த மகன் காய்ச்சலில் படுத்தான். நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் பஸ் ஏறிப் போய்விட்டான். அங்கே மயங்கி விழுந்து, டெங்கு என்று வார்டில் வைத்தார்கள். இந்த முறை இரண்டு பேரும் வருகிறார்கள். மூன்று வயதுப் பேரனுக்கு அடிக்கடி சளி, எனக்கு முழங்கால் வலி. யூடியூபில் பப்பாளி இலைச்சாறு குடிக்கச் சொல்கிறார்கள். பேரனுக்கும் ஒட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லட்டுமா?

பதில்: வரட்டும் அம்மா. ஒரே காம்பராவில் படுத்தாலும், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும் டெங்கு ஒட்டாது. நோயாளியைக் கடித்த நுளம்பின் உடம்பில் வைரஸ் பெருகி, அந்த நுளம்பு இன்னொருவரைக் கடித்தால்தான் பரவும். உங்கள் ஊர்க் குளிரில் அது மெதுவாகவே நடக்கும். கண்டி, கம்பளை போன்ற தாழ்ந்த இடங்களின் கதை வேறு. எதற்கும் தண்ணீர்ப் பீப்பாயை மூடி வையுங்கள். காய்ச்சல்காரர் பகலிலும் வலைக்குள் படுக்கட்டும்.

கொழும்பு, கம்பஹா பக்கம் டெங்கு வருடத்தில் இரண்டு தடவை ஏறும்: ஜூன், ஜூலையில் ஒன்று, ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இன்னொன்று. தீபாவளி அந்த இரண்டாவது ஏற்றத்தின் தொடக்கத்தில் வருகிறது. கடிபட்டு 4 முதல் 10 நாளில் காய்ச்சல் காய்வதால், கடி அங்கே, படுக்கை இங்கே. லயத்தில் கொழும்புக்கு வேலைக்குப் போன வாலிபப் பிள்ளைகள் படுக்க, வீட்டிலேயே இருக்கும் கிழவியும் குழந்தையும் தப்புவது இதனால்தான்.

நீங்கள் ஒரே வரியில் கடந்து போன விஷயத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். காய்ச்சல் விட்டதும் பஸ் ஏறினான் என்கிறீர்கள். டெங்குவில் ஆபத்தான நேரமே அதுதான். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் இறங்கும்போது, சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் அது நீடிக்கும். உடம்பு சுடாததால் சுகமாகிவிட்டது என்று நினைப்போம், உள்ளே இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு, மணிக்கணக்கில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? உங்கள் மகன் பிழைத்தது பெரிய விஷயம்.

காய்ச்சல் இறங்கியும் ஆள் தெளியவில்லை, வயிறு வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை, கை கால் சில்லிடுகிறது, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்தவருக்கு இன்னொரு வகை வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஆகவே மகளை விட மகன் மேல்தான் ஒரு கண் கூடுதலாக இருக்க வேண்டும்.

காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தப் பரிசோதனை, பிறகு தினமும் ஒன்று. பிளேட்லட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 100,000 க்குக் கீழே போனால் வார்டுதான், பேச்சே இல்லை. மருந்து பெனடோல் (பரசிட்டமோல்) மட்டும்: வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வேண்டாம். உடம்பு வலிக்கிறதென்று பார்மசியில் டைக்ளோபெனாக், ஐபுபுரோஃபென், அஸ்பிரின் வாங்கி விழுங்குகிறார்கள். இரத்தக்கசிவை இழுத்துவிடும் மாத்திரைகள் அவை. அதைக் கேட்டு வாங்குபவர்கள் மேலும், கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பப்பாளி இலைச்சாற்றால் இரத்தக் குழாயின் நீர்க்கசிவு நிற்காது. அதைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதுதான் கெடுதல். கஞ்சி, ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல் மா), இளநீர் கொடுங்கள். சிவப்பு நிறப் பானம் வேண்டாம், வாந்தியில் இரத்தமா என்று தெரியாமல் போகும்.

பேரனின் சளி சாதாரணச் சளியாக இருக்கலாம். மூச்சு வாங்காமல், விளையாடிச் சாப்பிட்டால் அன்டிபயோட்டிக் தேவையில்லை. முழங்காலுக்குக் கிளினிக்கில் காட்டுங்கள், அவசரமில்லை.

பிள்ளைகள் லீவு முடிகிறதென்று துடிப்பார்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் முழுதாகக் கழிந்து, பசி எடுத்து, பிளேட்லட் ஏறத் தொடங்கிய பிறகே அனுப்புங்கள். முதலாளிக்குக் காட்ட மெடிக்கல் சான்றிதழ் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்குங்கள்.