கலையா, ஜம்ப்பா? முதலில் களி!

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ரோலர் ஸ்கேட்டிங்கில் ஆர்ட்டிஸ்டிக் பிரிவில், அதாவது பாட்டுக்கு நடனம்போல, ஆடுகிறாள். சனி, ஞாயிறுகளில் பயிற்சிக்காகப் பெங்களூரு அழைத்துப் போகிறேன். காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றும் டபுள் ஜம்ப் வந்தால்தான் மெடல், அதற்கு உடம்பு லேசாக இருக்கவேண்டும் என்கிறார் கோச். பரதம் கற்றவள், அந்த நளினமே போதும் என்கிறார் என் கணவர். சாப்பாட்டிலும் கவனமாக இருக்கிறேன். இரவு எங்களுக்கும் தம்பிக்கும் களி. அவளுக்கு ஒரு டம்ளர் மோர். சமர்த்து, வேறெதுவும் கேட்கவே மாட்டாள். மாமியார்தான் முணுமுணுக்கிறார். ஐஸில் ஸ்கேட்டிங் ஆடும் பெண்களைப் பார்த்தால் இன்னும் குழப்பம். கலை முக்கியமா, ஜம்ப்பா?
– பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: உங்கள் வீட்டில் விவரம் தெரிந்தவர் மாமியார் ஒருவர்தான்.

கேட்கவே மாட்டாள் என்று எவ்வளவு பெருமையாக எழுதுகிறீர்கள்! பகலெல்லாம் பள்ளிக்கூடம், சாயங்காலம் சக்கரக் காலோடு சிமென்ட் தரையில் குதித்து, விழுந்து, எழுந்து வருகிற பிள்ளை. எதிரே தம்பி களி உருண்டையைக் கீரைக் குழம்பில் தோய்த்து விழுங்குகிறான். இவள் மோர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பசிக்காமலா இருக்கும்? கேட்டால் அம்மா முகம் மாறும் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். நாளைக்குக் கால் வலித்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டாள். பையன் கபடி ஆடினால் அவனை இப்படி மோரைக் கொடுத்துப் படுக்கவைப்பீர்களா? மெடல் வாங்கிக் கொடுப்பது கோச்சின் வேலை. வயிறு நிறையப் போடுவது பெற்றவளின் கடமை. அதை நீங்கள் கோச்சிடம் ஒப்படைத்துவிட்டீர்கள்.

சரி, ஐஸுக்கு வருவோம். கஷ்டமான ஜம்ப்புக்கு மதிப்பெண் அதிகம் என்பது உண்மை. காற்றில் மூன்று, நான்கு சுற்றுச் சுற்றுவது இடுப்பு விரியாத சிறுமிக்குச் சுலபம். வளர்ந்தால் கஷ்டம். அதனால்தான் வளரவே விடாமல் பார்த்துக்கொள்ளும் புத்தி பெரியவர்களுக்கு வருகிறது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ரஷ்ய அணியோடு தங்கம் வாங்கியபோது யூலியா லிப்னிட்ஸ்காயாவுக்கு 15 வயது. 19 வயதில் ஆட்டத்தையே விட்டுவிட்டார். சாப்பாட்டை வெறுக்கவைக்கும் அனொரெக்ஸியா நோய்க்குச் சிகிச்சை எடுத்ததாக அவரே சொன்னார். சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15லிருந்து படிப்படியாக 17 ஆக்க சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் முடிவெடுத்தது 2022இல்தான்.

அதே 2022இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் அலெக்ஸாண்ட்ரா ட்ரூசோவா ஒரே ஆட்டத்தில் நான்கு சுற்று ஜம்ப் ஐந்து போட்டார். கிடைத்தது வெள்ளி. நான்கு சுற்று ஒன்றுகூட இல்லாத ஜப்பானின் ககோரி சகாமோட்டோ வெண்கலம் வாங்கினார். 2022, 2023, 2024 மூன்று வருடமும் உலக சாம்பியன். உங்கள் கணவர் உடனே சந்தோஷப்பட வேண்டாம். சகாமோட்டோ வெறும் நளினத்தில் ஜெயித்தவர் இல்லை. அவர் வரும் வேகத்தையும் எழும்பும் உயரத்தையும் பாருங்கள், சாப்பிட்ட கால் என்று தெரியும். அமெரிக்காவின் அலிசா லியு 13 வயதில், உங்கள் மகள் வயதில், மூன்றரைச் சுற்று ஜம்ப்பான டிரிபிள் ஆக்ஸல் போட்டு தேசிய சாம்பியன் ஆனார். 16இல் வெறுத்து விலகினார். பிறகு தானாகத் திரும்பி வந்து 2025இல் உலக சாம்பியன் ஆனபோது அந்த ஜம்ப் அவர் ஆட்டத்தில் இல்லை.

ஆகவே கலையா, ஜம்ப்பா என்பதை 17 வயதில் உங்கள் மகளே முடிவு செய்யட்டும். அதுவரை எலும்பு தேறவேண்டும். அவள் வயதுக்கு வந்துவிட்டாளா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆட்டம் அதிகமாகி சாப்பாடு குறைந்தால் அது நின்றுபோகும், எலும்பு பலவீனமாகி விரிசல் விடும். இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சரி சொல்லும்வரை ஜம்ப் பயிற்சி வேண்டாம்.

இன்று ராத்திரி தம்பிக்கு வைக்கும் அதே களியை அவளுக்கும் வையுங்கள். போட்டு வைக்கும் வேலையை மாமியாரிடம் விடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் அவளுக்கு இறங்காது. சனிக்கிழமை கோச்சைத் தனியாகப் பார்த்து, எடையைப் பற்றி அவளிடம் இனி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லுங்கள். முகம் சுளித்தால் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஓசூர் வந்து சேருங்கள். பெங்களூரில் வேறு கோச் கிடைப்பார்.