ஓப்பன் சோர்ஸ் என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாமே, அப்புறம் ஏன் திரைப்பதிவு, நேரலை மென்பொருளான ஓபிஎஸ்ஸின் குழு, ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தாருடன் சண்டை போட்டது?

உரிமம் வேறு, பெயர் வேறு. ஓபிஎஸ் ஸ்டுடியோவின் மூலநிரல், எவரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. ஃபெடோரா அதை எடுத்துத் தன் போக்கில் தொகுத்துக் கொடுக்கலாம், யாரும் தடுக்க முடியாது. 2025 பிப்ரவரியில் ஓபிஎஸ் குழு கேட்டதும் நிரலை அல்ல. 'எங்கள் பெயரையும் லோகோவையும் எடுங்கள், இல்லாவிட்டால் சட்டப்படி போவோம்' என்றார்கள்.

அதுவரை போனதற்குக் காரணம் இருந்தது. ஓபிஎஸ் குழு தன் பிளாட்பேக்கை (பல லினக்ஸ்களிலும் ஓடும்படி கட்டிய தொகுப்பு) பிளாட்ஹப் என்ற பொதுக் களஞ்சியத்தில் வைத்திருந்தது. ஃபெடோரா தன் களஞ்சியத்துக்குத் தனியாக இன்னொன்று தொகுத்தது. ஃபெடோராவில் மென்பொருள் தேடினால் முன்னால் நிற்பது ஃபெடோராவுடையது. அதே பெயர், அதே படம். நிறுவுகிறவருக்கு வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது? அதில் ஏதாவது ஓடவில்லை என்றால் நேரே ஓபிஎஸ்காரர்களிடம் புகார் போனது.

இந்த எரிச்சல் எனக்குத் தெரியும். கோப்புகளுக்கு மொத்தமாகப் பெயர் மாற்றுகிற சின்னக் கருவி ஒன்றை எழுதி வெளியிட்டிருக்கிறேன். பெயரில் இடைவெளி இருந்தால் பாதியில் நின்றுவிடுகிறது என்று ஒருவர் எழுதினார். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து தேடினேன். என் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. கடைசியில் பதிப்பு எண்ணைக் கேட்டால், ஒன்றரை வருடம் முன்பே நான் சரிசெய்த கோளாறு! ஒரு டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ் விநியோகம், பழைய பதிப்பையே கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் மேல் தப்பில்லை. பேக்கேஜ் போட்டவர் மேலும் பெரிதாகத் தப்பில்லை. நிலையான வெளியீடு என்றால் பதிப்பை உறைய வைப்பதுதான் அவர் வேலை.

ஃபெடோரா பக்கமும் நியாயம் உண்டு. ஓபிஎஸ் கொடுத்த பிளாட்பேக், ஆதரவு முடிந்துபோன ரன்டைம் (நிரல் ஓடத் தேவையான அடித்தளக் கோப்புகள்) ஒன்றின் மேல் நின்றது. புதிய ரன்டைமில் இருக்கும் க்யூடியில் (ஜன்னல், பொத்தான்களை வரையும் நூலகம்) தங்களுக்குக் கோளாறு வருகிறது, அதனால்தான் மாறவில்லை என்றார்கள் ஓபிஎஸ் தரப்பில். பாதுகாப்பைப் பார்க்கிறவருக்கு அந்தப் பதில் போதாது, பயனரைப் பார்க்கிறவருக்குப் போதும். பேச்சு தடித்தது அங்கேதான். நல்லவேளை, சில நாளிலேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள், நீதிமன்றம் வரை போகவில்லை.

இது புதிதும் இல்லை. 2006இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லா, டெபியன் என்ற இன்னொரு டிஸ்ட்ரோவிடம், ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் வேண்டுமென்றால் எங்கள் லோகோவையும் போடுங்கள், நீங்கள் செய்யும் மாற்றங்களுக்கு ஒப்புதலும் வாங்குங்கள் என்றது. லோகோவின் உரிமம் டெபியனின் விதிகளுக்கு ஒத்துவரவில்லை. பெயரையே ஐஸ்வீசல் என்று மாற்றிவிட்டார்கள். அந்த வம்பு தீர்ந்து பழைய பெயர் திரும்ப 2016 ஆனது. உள்ளே இருந்ததோ கிட்டத்தட்ட அதே உலாவிதான்.

என்னைக் கேட்டால், பெயர் விஷயத்தில் நான் ஓபிஎஸ் பக்கம். மாற்றித் தொகுக்கிறவர், 'இது எங்கள் தொகுப்பு, கோளாறு என்றால் எங்களிடம் சொல்லுங்கள்' என்று பயனர் கண்ணில் படும் இடத்தில் ஒரு வரி போட்டிருந்தால் பாதிச் சண்டை வந்தே இருக்காது.

என் கருவிக்கு வரும் பக் ரிப்போர்ட் படிவத்தில் 'எங்கிருந்து நிறுவினீர்கள்?' என்பதை இப்போது முதல் கேள்வியாக வைத்திருக்கிறேன். பாதிப் பேர் அதைக் காலியாக விட்டுவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.