வண்டி வந்துச்சு, ஆளு எங்க?

கேள்வி: களக்காடு பக்கம் எங்க ஊர்ல வைக்கப்படப்பு தீப்பிடிச்சு பக்கத்துல இருந்த மாட்டுத்தொழுவமும் எரிஞ்சு போச்சு அண்ணாச்சி. 101-க்கு போன் போட்டு முக்கா மணி நேரம் கழிச்சுத்தான் ஃபயர் வண்டி வந்துச்சு, அதுலயும் மூணே பேரு. ஊர்க்காரங்க அவங்கள ஏசி பெரிய சண்டையாயிட்டு. அவங்க மேல புகார் குடுக்கணும்ங்காங்க, யார்ட்ட குடுக்க?

பதில்: தம்பி, தொழுவம் எரிஞ்சா வயிறு எரியத்தான் செய்யும். ஆனா அந்த மூணு பேரு மேல புகார் குடுக்காதீங்க, குடுத்தா அவங்களுக்கு மெமோ வரும், அடுத்த தடவையும் மூணு பேருதான் வருவாங்க.

மூணு பேரு என்ன செய்ய முடியும் சொல்லுங்க. டிரைவர் பம்ப்ப விட்டு நகர முடியாது, ஓஸ் முனைய பிடிக்க ஒருத்தரு, பிரஷர்ல அது ஆளையே தள்ளும்ங்கதால பின்னால தாங்க இன்னொருத்தரு, அவ்வளவுதான் ஆளு முடிஞ்சு போச்சு. படப்ப கலைச்சு உள்ள கனியுத தீய அணைக்க யாரு, மாட்ட அவுத்துவிட யாரு, வண்டித்தண்ணி காலியானா கிணத்துல குழாய் இறக்க யாரு? அமெரிக்காவுல என்.எஃப்.பி.ஏ. 1710ன்னு ஒரு தரநிலை இருக்கு, சம்பளத்துக்கு வேலை பாக்குத ஃபயர்காரங்களுக்கு ஒரு வண்டிக்கு குறைஞ்சது 4 பேருன்னு அதுல இருக்கு. நம்ம நாட்டுலயும் நிலையான தீயணைப்பு ஆலோசனைக் குழு கிராமத்துக்கு 20 நிமிஷத்துல வண்டி போகணும்னு சொல்லியிருக்கு, என்ன, அது வெறும் பரிந்துரை, சட்டம் கிடையாது.

இவங்க தீய மட்டுமா அணைக்காங்க? கிணத்துல விழுந்த மாடு, வீட்டுக்குள்ள பாம்பு, தாமிரபரணியில முங்கினவங்க, நெல்லையப்பர் தேருக்கு ஸ்டாண்ட்பை, மந்திரி ஹெலிகாப்டர்ல வந்தா அங்க ஒரு வண்டி. 2023 டிசம்பர் வெள்ளத்துலயும் இவங்கதான் போட்ல போனாங்க. உங்க பக்கத்து வண்டி இப்படி வேற ஒரு அழைப்புக்குப் போயிருந்தா அடுத்த ஸ்டேஷன்லருந்துதான் வரணும், உங்க முக்கா மணி நேரம் அப்படிக்கூட ஆயிருக்கலாம். ரிட்டயர் ஆனவங்க இடத்துக்கு ஆளு வரணும்னா சீருடைப் பணியாளர் தேர்வாணையம் பரீட்சை வச்சு, செலக்ட் பண்ணி, ட்ரெயினிங் முடிச்சு அனுப்பணும், அதுவரைக்கும் இருக்கவங்க தலையிலதான் எல்லாம்.

அதனால நீங்க எழுத வேண்டியது ஆர்.டி.ஐ. மனு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேக்குத மனு. மாவட்ட தீயணைப்பு அலுவலகத்தோட பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்க. நம்ம ஸ்டேஷனுக்கு அனுமதிச்ச பணியிடம் எத்தன, இப்ப நிரம்பினது எத்தன, வேற வேலைக்கு போயிருக்கவங்க எத்தன, தீப்பிடிச்ச அன்னைக்கு டூட்டியில எத்தன பேரு, போன் வந்தது எப்ப, வண்டி கிளம்பினது எப்ப, தனித்தனியா கேளுங்க. 30 நாளுக்குள்ள பதில் தரணும், வரலைன்னா மேல்முறையீடு உண்டு. அந்த கணக்க வச்சு அடுத்த கிராம சபையில தீர்மானம் போடுங்க, அது நகலோட திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுங்க. ஒத்தையா போகாதீங்க, பக்கத்து பஞ்சாயத்துக்காரங்களையும் கூட்டிட்டு போங்க, ஒரே ஸ்டேஷன நம்பி இருக்க எல்லா ஊருக்கும் இது பிரச்சனைதான்.

அதுக்கு நடுவுல ஊர்ல ஒரு வேலை இருக்கு தம்பி. படப்ப தொழுவத்த ஒட்டி போடாம தள்ளிப் போடச் சொல்லுங்க, தெருவுல வண்டி திரும்ப இடம் விடச் சொல்லுங்க, தாழ தொங்குத கரண்ட் கம்பிய இழுத்துக்கட்ட ஈ.பி.யில எழுதிக் குடுங்க.