எம்ஜிபி காரை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது: கேள்வி பதில்

எம்ஜிபி வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. தெரியாதவர்களுக்கு: 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அபிங்டனில் செய்த இரண்டு பேர் உட்காரும் கார் இது. என்னிடம் இருப்பது 1971 ரோட்ஸ்டர், அதாவது கூரை இல்லாத திறந்த கார், 19 வருடமாக ஓட்டுகிறேன். வெல்டிங்குக்கும் டயருக்கும் தவிர வெளியே எங்கும் கொடுத்ததில்லை. பதில்களுக்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், கீழே திரும்பத் திரும்ப வரும்: அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

லெஸ்டரிலிருந்து: அண்ணா, 1973 ரோட்ஸ்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பெயின்ட் புதுசு மாதிரி மின்னுகிறது, எஞ்சின் மட்டும் கொஞ்சம் புகைகிறது. வாங்கலாமா?

எஞ்சின் புகைவது எனக்குப் பெரிய கவலை இல்லை. அதைக் கழற்றிச் செய்யலாம், பாகம் எல்லாம் கிடைக்கிறது. புதுப் பெயின்ட்தான் கவலை. இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடம்புதான் சேஸிஸ். மேலே கூரையும் இல்லாததால் கதவுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடுகிற சில் என்ற பெட்டிதான் பாரத்தைத் தாங்குகிறது. அது பல தகடுகள் சேர்ந்தது, உள்ளே தண்ணீர் நின்றால் உள்ளிருந்தே அரிக்கும். பலர் வெளித் தகட்டை மட்டும் மாற்றி, அல்லது பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பெயின்ட் அடித்து விற்கிறார்கள். உள்தகடும் சில்லின் அடித்தகடான காசில் செக்‌ஷனும் பொடிப்பொடியாகப் போயிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். புட்டி போட்ட இடத்தில் ஒட்டாது. கதவின் பின்பக்க இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா பாருங்கள், மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் உடம்பு நடுவில் தொய்ந்திருக்கிறது. பிறகு விற்பவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு பக்கத்தை ஜாக்கில் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடித்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முன் மட்கார்டின் பின்மூலை, இருக்கைக்குப் பின்னால் பேட்டரி உட்காரும் தொட்டி, பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு சில் மாற்ற வேண்டி வந்தால், கதவு இருக்கும் திறப்பில் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து இறுக்காமல் ஒரு இஞ்ச்கூட வெட்ட விடாதீர்கள். வெட்டிய நொடியில் கார் நடுவில் மடங்கும், அப்படியே புதுத் தகட்டை வெல்டிங் வைத்துவிட்டால் கதவு ஆயுசுக்கும் சரியாக மூடாது. எதுவுமே தேறாத கார் என்றால், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே புது உடம்பு செய்து விற்கிறது. விலை கூடத்தான். ஆனால் அரைகுறை வெல்டிங்குக்கு மூன்று முறை கொடுக்கும் காசையும் கணக்குப் பாருங்கள்.

ஹாரோவிலிருந்து: 20 நிமிடம் ஓடியதும் இருமி இருமி நிற்கிறது. ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு கார்புரேட்டரையும் இரண்டு தடவை பிரித்துச் சுத்தம் செய்துவிட்டேன், பலன் இல்லை.

முதலில் கார்புரேட்டரை விட்டுவிடுங்கள். இந்தக் காரில் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து நாம் திருகும் பாதி நேரம் கோளாறு மின்பொறிப் பக்கம்தான் இருக்கும். சூடானதும் நின்று, ஆறினால் ஓடுகிறது என்றால் என் முதல் சந்தேகம் கன்டென்சர் (பாயின்ட் கருகாமல் காக்கும் சின்ன உருளை), அடுத்து காயில் (பேட்டரி மின்சாரத்தைப் பொறிக்காகப் பெருக்குவது), அப்புறம் ரோட்டார் ஆர்ம் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் கை).

வரிசையாகப் போங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள், அது விரிசல், மின்சாரம் அந்த வழியாக ஓடிவிடும். பாயின்ட் (உள்ளே திறந்து மூடும் மின் தொடுமுனை) முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்தால் 0.014 முதல் 0.016 இஞ்ச் வர வேண்டும். பிளக் இடைவெளி 0.025. அதன் பிறகுதான் டைமிங், அதாவது பொறி விழும் நேரம். இந்த மூன்றும் சரியானால்தான் கார்புரேட்டரைத் தொட உங்களுக்கு உரிமை வருகிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆக்ஸ்போர்டிலிருந்து வேல்ஸ் போகும் வழியில் கார் படக்கென்று நின்றது. மாட்டி மூன்று வாரம்கூட ஆகாத புது ரோட்டார் ஆர்ம். அதன் ரிவெட் வழியாக மின்சாரம் உள்ளே தண்டுக்கு இறங்கிவிட்டது. டிக்கியில் கிடந்த பழைய ஆர்மைப் போட்டதும் ஓடியது. அன்றிலிருந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கன்டென்சர், ரோட்டார் ஆர்ம் எதையும் நான் தூக்கிப் போடுவதில்லை. இப்போது வரும் மலிவுப் பாகங்களில் பல சரியில்லை. ரிவெட் இல்லாத ஆர்ம் தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

கோவென்ட்ரியிலிருந்து: அப்பா மதுரையில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினார். என் எம்ஜிபியைப் பார்த்துவிட்டு "இது நம்ம எஞ்சின்டா" என்கிறார். உண்மையா?

அப்பா சொல்வது முழு உண்மை. இரண்டுமே பிஎம்சி என்ற பழைய பிரிட்டிஷ் கார் கம்பெனியின் பி-சீரிஸ் எஞ்சின். பழைய அம்பாசிடரில் இருந்தது 1489 சிசி, 1955-இல் வந்த எம்ஜிஏ காரிலும் அதே 1489 சிசிதான். அதையே பெருக்கி எம்ஜிபியில் 1798 சிசி ஆக்கினார்கள். 1964 அக்டோபர் வரை கிராங்க் ஷாஃப்டுக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) மூன்று பேரிங், அதற்குப் பிறகு ஐந்து.

அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பாயின்டைக் காகிதம் வைத்துத் துடைப்பது, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து எஞ்சின் சத்தம் கேட்பது எல்லாம் அவர் கையிலேயே இருக்கும். பையர் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை) கேட்டால் யோசிக்காமல் 1-3-4-2 என்பார். இங்கே புத்தகம் பார்த்துப் பல வருடத்தில் நான் கற்றதை அவர் 20 வயதிலேயே கற்றிருப்பார்.

லூட்டனிலிருந்து: சாவியைத் திருப்பினால் பின்னால் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். இன்று வரவில்லை, காரும் ஸ்டார்ட் ஆகவில்லை.

அந்தச் சத்தம் எஸ்யூ பெட்ரோல் பம்ப். உள்ளே பாயின்ட் கருகி ஒட்டாமல் போயிருக்கும். பம்பின் உடம்பில் மெதுவாக ஒரு தட்டு தட்டுங்கள், டிக் டிக் திரும்பினால் வீடு போய்ச் சேரலாம். ஆனால் அதற்கு முன்னால் அதன் எர்த் வயரைக் கழற்றித் தேய்த்து மாட்டிப் பாருங்கள், பாதிக் கேஸ் அதிலேயே முடியும். இன்னொன்று: எஞ்சின் ஓடாதபோது டிக் டிக் நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. ஒழுகலைக் கண்டுபிடிக்கும் வரை சாவியைத் திருப்பாதீர்கள்.

பர்மிங்ஹாமிலிருந்து: மேலே பதிலில் கார்புரேட்டரைத் தொடாதே என்கிறீர்கள். தொடும் நேரம் வந்தால் எப்படி?

உங்களுடையது எச்எஸ்4 வகை கார்புரேட்டர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மேலே இருக்கும் கறுப்பு அல்லது பித்தளை மூடியைத் திருகி எடுத்து உள்ளே எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். வண்டி மிதித்ததும் ஒரு நொடி திணறுகிறது என்று வருபவர்களில் நிறையப் பேருக்கு அங்கே எண்ணெயே இருக்காது. 20 கிரேடு எண்ணெய் போதும்.

பிறகு ஒரு முழ ரப்பர் குழாய், ஒரு முனை காதில், மறு முனை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும். இரண்டிலும் ஒரே மாதிரி உஸ் சத்தம் வரும்வரை ஐடில் ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள். இதற்குக் கருவி விற்கிறார்கள், எனக்கு இன்றுவரை குழாய் போதும். அடுத்து பக்கத்தில் இருக்கும் சின்ன ஊசியை மேலே தள்ளி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே இறங்கி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் இருக்கும் ஆறுமூலை நட்டை ஒரு தடவைக்கு அதன் ஆறு பக்கத்தில் ஒரு பக்கம் அளவு மட்டும் திருப்புங்கள், திருப்பியதை எழுதி வையுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் இதெல்லாம்.

வெம்பிளியிலிருந்து: 1965 கார் வாங்கினேன். புது ரேடியோ மாட்டியதும் புகைந்துவிட்டது.

உங்கள் கார் பாசிட்டிவ் எர்த். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேரும், இப்போதைய கார்களுக்கு நேர் எதிர். வேறு யாராவது இடையில் மாற்றியும் இருக்கலாம் என்பதால் எப்போதும் பேட்டரியை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பேட்டரியும் இருக்கைக்குப் பின்னால் 6 வோல்ட்டில் இரண்டு இருக்கும், தொடராக இணைத்து 12.

மாற்றிக்கொள்ள முடியும். பேட்டரி இணைப்பை மாற்றி, டைனமோவுக்குப் புதுத் துருவம் ஏற்றி, காயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். ஆனால் மின்னணு ரெவ் கவுன்டர் (எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) இருந்தால் அதையும் உள்ளே மாற்றாமல் இணைக்கக் கூடாது. ரேடியோவுக்காக மட்டும் என்றால் நான் மாற்ற மாட்டேன், போனில் பாட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

குரோய்டனிலிருந்து: எந்தப் பெட்ரோல்? ஈயம் இல்லாத பெட்ரோல் எஞ்சினைக் கெடுக்கும் என்கிறார்களே.

இரண்டு விஷயம். பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு போனது. எக்ஸாஸ்ட் வால்வ் உட்காரும் இடத்தைக் காப்பது அந்த ஈயம்தான். உங்கள் சிலிண்டர் ஹெட்டில் வால்வ் உட்காரக் கடினமான உலோக இருக்கை போட்டிருந்தால் கவலை விட்டது. இல்லையென்றால் ஈயத்துக்குப் பதிலான சேர்மானத்தை டேங்கில் ஊற்றுங்கள், வால்வ் இடைவெளி தானாகக் குறைகிறதா என்று கவனியுங்கள், குறைந்தால் இருக்கை தேய்கிறது.

இரண்டாவது எத்தனால். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோல் ஈ10, அதாவது 10 சதவீதம்வரை எத்தனால். பழைய ரப்பர் குழாயை அது மென்று தின்னும். எத்தனால் 5 சதவீதத்தைத் தாண்டாத சூப்பர் பெட்ரோல் ஈ5-ஐப் போடுங்கள். அதோடு டேங்கிலிருந்து கார்புரேட்டர்வரை ரப்பர் குழாய் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், எக்ஸாஸ்டுக்கு மேலேயே கார்புரேட்டர் இருக்கிறது, அங்கே ஒழுகினால் தீப்பிடிக்கலாம்.

ஸ்லோவிலிருந்து: கியர்பாக்ஸில் எந்த எண்ணெய்?

எஞ்சினில் ஊற்றும் அதே 20டபிள்யூ-50. கியர் எண்ணெய் என்று எழுதியிருப்பதைப் பின் ஆக்ஸிலில் மட்டும் ஊற்றுங்கள், அங்கே 90 கிரேடு. ஓவர்டிரைவ் (கியர்பாக்ஸோடு சேர்ந்த கூடுதல் கியர்) விழவில்லை என்றாலும் முதலில் இந்த எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள், இரண்டும் ஒரே எண்ணெயைத்தான் பகிர்கின்றன. அடுத்து வயர். கியர்பாக்ஸைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

மில்டன் கீன்ஸிலிருந்து: 40 வருடம் தாண்டிய காருக்கு எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை தேவையில்லையாமே. நிம்மதி.

2018 மே 20 முதல், பெரிய மாற்றம் செய்யாத 40 வருடக் கார்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் நான் வருடா வருடம் கொண்டுபோகிறேன், நீங்களும் போங்கள். வேறு ஒரு கண் அடியில் பார்ப்பது நல்லது, பிரேக்கைக் கருவியில் வைத்து அளக்கிறார்கள், அதை வீட்டில் செய்ய முடியாது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டாட் 4 புதிதாக மாற்றுங்கள். பின் டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றடித்துப் போக்கவோ வேண்டாம். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், இரண்டு நிமிட வேலை என்றாலும் ஸ்டாண்ட் வைத்துவிட்டுப் படுங்கள். இதில் நான் யாருக்கும் தயவு காட்டுவதில்லை.

ரெடிங்கிலிருந்து: 13 வயது மகள் என்னோடு வேலை செய்ய ஆசைப்படுகிறாள். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

வால்வ் இடைவெளி. அழுக்கு குறைவு, ஆபத்து இல்லை, கணக்கும் உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது பிளக் நான்கையும் கழற்றி, மேல் மூடியை எடுங்கள். எட்டு வால்வ், முன்னாலிருந்து எண்ணுங்கள். கூட்டினால் ஒன்பது வர வேண்டும்: எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்க வேண்டும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. 0.015 இஞ்ச் பீலர் கேஜ் லேசாக இழுபட்டு நுழைய வேண்டும். நீங்கள் நான்காம் கியர் போட்டுக் காரைத் தள்ளி எஞ்சினைச் சுழற்றுங்கள், எந்த வால்வ் திறந்தது, எதை அளக்க வேண்டும் என்று அவள் சொல்லட்டும். லேசாக டக்டக் சத்தம் மிச்சம் இருந்தால் விட்டுவிடுங்கள், ரொம்ப இறுக்கினால் வால்வ் எரியும். மூடியை மாட்டும் முன் புது கார்க் கேஸ்கட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழையது மறுபடி உட்காராது. ஸ்பானர் வாங்கும்போது இஞ்ச் அளவு வாங்குங்கள், மில்லிமீட்டர் ஸ்பானர் நட்டின் மூலையைத் தின்றுவிடும். அவளுக்கென்று ஒரு 1/2 இஞ்ச் ஸ்பானர் தனியாக வாங்கிக் கொடுங்கள், இந்தக் காரின் திருகுகளில் பெரும்பாலும் அதுதான் வேலைக்கு வரும்.