பி.பி.ஏ.யும் லேத் பட்டறையும்

வணக்கம் ஐயா.

நாங்கள் கோவையில் இருக்கிறோம். கணவர் இங்கே கணபதி என்கிற பகுதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை நடத்துகிறார். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு முடித்திருக்கிறாள். சேர்ந்தால் பி.பி.ஏ.தான் என்று நிற்கிறாள். கணவருக்கு இஷ்டமில்லை. "பி.காம். படித்தால் கணக்காவது வரும். என் அண்ணன் மகன் எம்.பி.ஏ. முடித்துவிட்டுப் போனில் லோன் விற்கிறான். அவன் யாரை மேனேஜ் பண்ணுகிறான்?" என்கிறார். ஒரு தனியார் கல்லூரியில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள், வெளிநாட்டுப் பயணமும் உண்டாம். பதினெட்டு வயதில் நிர்வாகம் என்று ஒன்றைப் படிக்க முடியுமா ஐயா?

ஒரு வாசகி, கோவை

*

அன்புள்ள சகோதரிக்கு,

படிக்கலாம். ஆனால் வகுப்பறையோடு நின்றுவிட்டால் மனப்பாடமாகத்தான் முடியும்.

முதல் வருடத்திலேயே ஹென்றி ஃபயோலின் பதினான்கு நிர்வாகக் கோட்பாடுகளை எழுதிப் போட்டு உருப்போடச் சொல்வார்கள். ஃபயோல் பத்தொன்பது வயதில் பிரான்சில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் பொறியாளராகச் சேர்ந்தவர். 1888இல், திவாலாகிற நிலையில் இருந்த அந்த நிறுவனத்தின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. தூக்கி நிறுத்தி, முப்பது வருடம் நடத்தினார். அந்தக் கோட்பாடுகளை நூலாக வெளியிட்டது 1916இல், எழுபதைத் தாண்டிய பிறகு. ஒரு ஆயுள் வேலை பார்த்தவர் கண்டுகொண்ட விடைகள் அவை. நம் பிள்ளைகளுக்குக் கேள்வி என்னவென்று தெரிவதற்கு முன்பே விடை கைக்கு வந்துவிடுகிறது. பரீட்சை முடிந்ததும் மறந்துபோவதில் ஆச்சரியம் என்ன?

உங்கள் கணவரிடம் டெய்லரைப் பற்றிச் சொல்லுங்கள். பி.பி.ஏ. புத்தகத்தில் 'அறிவியல் மேலாண்மையின் தந்தை' என்று வருவாரே, அந்த ஃபிரெடரிக் டெய்லர். 1878இல் அமெரிக்காவில் மிட்வேல் இரும்பாலையில் கூலியாளாகச் சேர்ந்து, லேத்தில் நின்று, மேஸ்திரியாகி மேலே வந்த ஆள். எந்த வேகத்தில், எந்த ஆழத்தில் இரும்பைக் கடைந்தால் டூல் தாங்கும் என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சோதனை செய்தார். பட்டறையில் புழங்குகிற ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் இருக்கிறதே, அதற்கு வழி திறந்தது டெய்லரும் மவுன்செல் ஒயிட்டும் சேர்ந்து செய்த ஆய்வுதான். தொழிலாளியை வெறும் இயந்திரமாகப் பார்த்தார் என்று அவர் மேல் குற்றச்சாட்டு உண்டு, நியாயமானதும்கூட. ஆனாலும் மகளின் பாடம் அப்பாவின் லேத்தில் பிறந்தது என்பதில் சந்தேகமில்லை.

அதனால்தான் உங்கள் மகள் பி.பி.ஏ. படிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மற்ற பிள்ளைகள் தேடிப் போகவேண்டிய கேள்விகள் அவள் வீட்டிலேயே இருக்கின்றன.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பட்டறை மாதம் நான்கு லட்சத்துக்கு பில் போடுகிறது, பார்ட்டி மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருகிறது என்று வையுங்கள். எந்த நேரத்தில் பார்த்தாலும் பன்னிரண்டு லட்சம் வெளியே நிற்கும். சனிக்கிழமைச் சம்பளம், ஈ.பி. பில் எதுவும் காத்திருக்காது. போட்ட பில்லுக்குப் பணம் வராவிட்டாலும் ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டும். அந்தப் பன்னிரண்டு லட்சத்தை வருடத்துக்கு 12 சதவீத வட்டிக்கு வங்கியில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) எடுத்துச் சமாளித்தால் மாதம் பன்னிரண்டாயிரம் வட்டி. பீஸ் ரேட் பேசும்போது இந்தப் பன்னிரண்டாயிரத்தை யார் சேர்க்கிறார்கள்? பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்ன ரேட்டில் ஐம்பது பைசா குறைத்து ஆர்டரைப் பிடிப்பதுதான் நம் ஊர் வழக்கம். 'லாபம் இருக்கிறது, கையில் காசு இல்லை' என்று ஆடிட்டரிடம் புலம்புவது இதனால்தான். நடைமுறை மூலதனம், அடக்கவிலைக் கணக்கியல் என்றெல்லாம் பாடத்தில் வருவது இந்தக் கதைதான்.

சட்டத் தாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2006ஆம் வருடத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் என்கிற அரசுப் பதிவு உள்ள சிறு பட்டறைக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. போதாததற்கு, கெடு தாண்டியும் நிதியாண்டு முடியும்வரை தராமல் வைத்திருக்கும் தொகையை பார்ட்டி அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது என்பதும் 2023-24 முதல் வந்துவிட்டது. சரி, உங்கள் கணவர் இதைச் சொல்லி பார்ட்டிக்கு நோட்டீஸ் அனுப்புவாரா? அனுப்ப மாட்டார். அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். உரிமை கையில் இருந்தும் எப்போது கேட்பது, எப்போது விடுவது, ஒரே பார்ட்டியை நம்பியிருக்கிற நிலையிலிருந்து எப்படி வெளியே வருவது? நிர்வாகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதற்குப் பாடப் புத்தகத்தில் விடை இல்லை. யோசிக்கிற முறை கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான்.

பி.காம். பற்றிக் கணவர் சொல்வதில் பாதி சரி. சி.ஏ. பக்கம் போக எண்ணமிருந்தால் பி.காம்.தான் வசதி, பி.பி.ஏ.வில் கணக்குத் தாள்கள் குறைவு. அப்படி எண்ணமில்லையென்றால் எதைப் படித்தாலும் டி.என்.பி.எஸ்.சி.யும் எம்.பி.ஏ. நுழைவுக்கான கேட் (CAT) தேர்வும் எழுதலாம். ஆனால் பி.பி.ஏ. முடித்த கையோடு எம்.பி.ஏ.வுக்கு ஓட வேண்டாம். முதல் வருடத்தில் பெரும்பாலும் இதே பாடங்கள்தான் திரும்ப வரும். இரண்டு வருடம் எங்காவது வேலை பார்த்துவிட்டுப் போகட்டும், அப்பா பட்டறையாக இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், லோன் விற்கிற அந்தப் பையனைக் கேலி செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். முன்பின் தெரியாத ஆளிடம் போனில் பேசி ஒரு பொருளை விற்பது லேசான வேலையில்லை. தவிர, ஒரு சின்னப் பட்டறையின் கடன் விண்ணப்பம் வங்கியில் எதனால் தட்டிப்போகிறது என்று உங்கள் குடும்பத்தில் தெரிந்த ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டு, பட்டறையின் மூன்று வருடக் கணக்கை அவன் முன்னால் வைத்து, மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஒன்றரை லட்சம் தேவையில்லை. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் பி.பி.ஏ. உண்டு. தனியார் கல்லூரிதான் என்று முடிவானால், 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பு ஏ.ஐ.சி.டி.இ. என்கிற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழ் வந்துவிட்டதால் அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். கணக்குப் பதிவியல் தாளை யார் எடுக்கிறார் என்று கேளுங்கள். மூன்றாம் வருடப் பிள்ளைகள் செய்த ப்ராஜெக்ட் நோட்டுகளில் ஐந்தாறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லாமே 'வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு' என்று, கம்பெனிப் பெயர் மட்டும் மாறி இருந்தால், நன்றி சொல்லிவிட்டுப் பக்கத்துக் கல்லூரிக்குப் போய்விடுங்கள்.