கேள்வி – பதில்: கைக்கு இதமான சானிடைசர்

கேள்வி: கடையில் வாங்கும் சானிடைசரால் என் கைகள் வறண்டு, விரல் இடுக்குகளில் எரிச்சல் உண்டாகிறது. ஆல்கஹாலுடன் கற்றாழைக் கூழைக் கலந்து வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எந்த அளவில் கலந்தால் கிருமிகளும் அழியும், தோலும் கெடாமல் இருக்கும்?

பதில்: தயாரிக்கலாம், ஆனால் கற்றாழையை விட்டுவிடுங்கள். கலந்து முடித்த பிறகு குப்பியில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே கிருமிகள் அழிகின்றன; அது 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்குக்குக் கூழ் ஒரு பங்கு என்று பலரும் கலக்கிறார்கள். அப்படிக் கலந்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 47 சதவீதம்தான். கை குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் கிருமிகள் அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. செடியிலிருந்து வழித்த கூழாக இருந்தால் அதில் கலந்துவரும் மஞ்சள் பாலும் சிலருக்கு அரிப்பை உண்டாக்கும்.

தோலைக் காக்கும் வேலைக்குக் கிளிசரின் போதும், அதுவும் மிகச் சிறிதளவே. உலக சுகாதார நிறுவனம் மருத்துவமனைகளுக்காக வகுத்துள்ள இரண்டு கலவைகளிலும் அதன் அளவு 1.45 சதவீதம் மட்டுமே. அந்த விகிதப்படி 200 மில்லி தயாரிப்பதற்கு, 99.8 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 150 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 8 மில்லி, கிளிசரின் 3 மில்லி ஆகியவற்றை அளவுக் குடுவையில் ஊற்றி, காய்ச்சி வடித்த நீரையோ கொதிக்கவைத்து ஆறவைத்த நீரையோ சேர்த்து 200 மில்லி கோடு வரை நிரப்ப வேண்டும். 96 சதவீத எத்தனால் கிடைத்தால் 150-க்குப் பதிலாக 167 மில்லி. நீரைத் தனியே அளந்து ஊற்றாமல் கோடு வரை நிரப்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஆல்கஹாலும் நீரும் சேரும்போது மொத்தப் பருமன் சற்றே சுருங்கிவிடும்.

பெராக்சைடு கைக்கான மருந்து என்று நினைக்க வேண்டாம். ஆல்கஹாலுக்கு அசையாத பாக்டீரிய வித்துகள் நீரிலோ குப்பியிலோ இருந்தால் அவற்றை ஒழிப்பதற்காகவே அது சேர்க்கப்படுகிறது. அந்த வேலை முடிவதற்காகக் கலவையை மூடி 72 மணி நேரம் வைத்திருந்த பிறகே பயன்படுத்த வேண்டும். உங்களிடம் இருப்பது 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்றால் இவ்வளவு சிரமமே வேண்டாம். 100 மில்லிக்கு ஒன்றரை மில்லி கிளிசரின் சேர்த்துக் குலுக்கினால் 69 சதவீதத்தில் நின்றுவிடும். கிளிசரினைத் தாராளமாக ஊற்றினால் கை பிசுபிசுக்கும் என்பதைத் தவிர வேறு லாபம் இல்லை.

கேள்வி: நீரே சேர்க்காமல் தூய ஆல்கஹாலைத் தடவினால் இன்னும் வலுவாக வேலை செய்யாதா?

பதில்: செய்யாது. கிருமியின் புரதங்கள் சிதைவதற்கு நீரும் உடன் இருக்க வேண்டும். தவிரவும், தூய ஆல்கஹால் போதிய நேரம் தங்காமல் ஆவியாகி, போகும்போது தோலின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: நறுமண எண்ணெய் சில துளிகள் சேர்க்கலாமா?

பதில்: ஏற்கெனவே எரிச்சல் உள்ள கைக்கு வேண்டாம். ஒவ்வாமைத் தோலழற்சிக்கு நறுமணப் பொருள்கள் முக்கியமான காரணங்களுள் ஒன்று.

கேள்வி: கிளிசரின் சேர்த்த பிறகும் கை எரிகிறது. என்ன செய்வது?

பதில்: கலவையைக் குறைசொல்லும் முன் பயன்படுத்தும் முறையைப் பாருங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய கையில் உடனே சானிடைசரையும் தடவும் பழக்கம் பலருக்கு உண்டு. சோப்பு தோலின் இயற்கையான எண்ணெயைக் கரைத்துவிட்ட நிலையில் ஆல்கஹால் பட்டால் எரியத்தான் செய்யும், ஈரக் கையாக இருந்தால் அதன் செறிவும் குறைந்துவிடும். இரண்டில் ஒன்று போதும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும், வீட்டில் யாருக்காவது நோரோவைரஸால் வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலும் சோப்பும் நீருமே சரி. மற்ற வேளைகளில், உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் நனையும்படி ஊற்றி, தானாக உலரும் வரை 20 முதல் 30 விநாடிகள் தேய்க்க வேண்டும், துடைக்கக் கூடாது. இரவில் மணமற்ற களிம்பு தடவுங்கள். வெடிப்பு ஆழமாக இருந்தால், அது ஆறும் வரை சானிடைசரை நிறுத்திவைத்துத் தோல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

கேள்வி: மரச் சாமான்களுக்கு வார்னிஷ் பூசப் பயன்படும் ஸ்பிரிட்டை இதற்குப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. அதில் மெத்தனால் கலந்திருக்கலாம். அது தோல் வழியாகவும் உடலுக்குள் சென்று பார்வையைப் பறிக்கும், உயிரையே குடிக்கவும் கூடும். சானிடைசருக்கான ஆல்கஹாலை வகையும் சதவீதமும் அச்சிட்ட, முத்திரை பிரிக்காத குப்பியாகவே வாங்குங்கள். நீங்கள் தயாரித்த கலவை அறை வெப்பத்திலேயே தீப்பற்றக் கூடியது என்பதால், அடுப்பில்லாத அறையில் சன்னலைத் திறந்துவைத்துக் கலந்து, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குடிநீர்ப் பாட்டிலில் மட்டும் ஒருபோதும் ஊற்றிவைக்காதீர்கள்.