வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம்

கேள்வி: நான் தம்பலகாமத்தைச் சேர்ந்தவன். திருகோணமலை கண்டி வீதியில் இருக்கும் மோட்டார் சைக்கிள் பொருத்தும் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். ஓவர்டைம் இல்லாமல் மாதம் 62,000 ரூபாய். வாகன இறக்குமதி திறந்த பிறகு ஓடர் இல்லை, மூடப்போகிறோம் என்கிறார்கள். ஒரு லைனை நிறுத்தி, அந்த ஆட்களைக் கூப்பிடும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களிடம் ஒரு படிவம் தந்திருக்கிறார்கள்: எல்லாம் அடங்கலாக ஆறு மாதச் சம்பளம், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து. நான் இன்னும் போடவில்லை. கொரோனா நேரம் பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்தோம், அதற்கு இதுவா நன்றி? வாசலில் உள்ள சாப்பாட்டுக் கடை, பொடியன்கள் தங்கும் வீடுகள், ஆட்டோக்காரர் எல்லாம் எங்களை நம்பித்தான். முடிந்த வண்டிகளை வெளியே விடாமல் கேற்றை மறிப்போம் என்று சிலர் நிற்கிறார்கள். மேன்பவர் ஏஜென்சி மூலம் வந்த பொடியன்களும் இருக்கிறார்கள். வழக்குப் போடலாமா, ஐயா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வரி ஒன்றுதான். 'நான் இன்னும் போடவில்லை.' அந்த நிலையிலேயே இருங்கள்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு எதற்காகவும் ஒருவரை நிறுத்த இரண்டே வழிதான் உண்டு. தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் ஒன்று. தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்கூட்டிய எழுத்துமூல அனுமதி மற்றது. இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது. நஷ்டம், ஓடர் இல்லை என்பதெல்லாம் ஆணையாளர் முன் போய்ச் சொல்ல வேண்டிய காரணங்கள். அனுமதி கேட்டுப் போனால் விசாரணை வரும், கணக்குப் புத்தகம் காட்ட வேண்டும், நட்டஈடு கணக்கிடப்படும். உங்கள் கையெழுத்து கிடைத்துவிட்டால் இதில் ஒன்றுமே தேவையில்லை. வெள்ளிக்கிழமை என்று அவசரப்படுத்துவது அதற்காகத்தான். சட்டத்தில் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கிடையாது.

நன்றி கெட்டதனம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை. கொரோனா காலப் பாதிச் சம்பளத்தையும் இதற்குள் கொண்டுவராதீர்கள், விசாரணை திசைமாறிப் போகும். சாப்பாட்டுக் கடை அக்காவுக்கும் அறை வாடகைக்கு விட்டவர்களுக்கும் ஆட்டோக்காரருக்கும் வரப்போகும் இழப்பு உண்மையானது. கப்பல்துறையிலிருந்து கந்தளாய் வரை அது தெரியும். ஆனால் இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு முதலாளியும் தொழிலாளியும் மட்டுந்தான் தெரிவார்கள். அவர்கள் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு மகஜர் கொடுக்கட்டும், நீங்களும் கூடப் போங்கள். அந்தக் கூட்டத்தில் யார் என்ன வாக்குறுதி தந்தாலும் அதை நம்பி உங்கள் மனுவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இனிப் படிவத்துக்கு வருவோம். 'எல்லாம் அடங்கலாக' என்ற சொல்லைப் பார்த்தீர்களா? ஆறு மாதச் சம்பளம் என்றால் உங்களுக்கு 372,000 ரூபாய். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் எப்படியும் சேர வேண்டும். நீங்களாகவே வேலையை விட்டாலும் அது உண்டு. ஒன்பது வருடத்துக்கு 279,000. அதைக் கழித்தால், ஒன்பது வருட வேலையை விட்டுக்கொடுப்பதற்குக் கம்பனி தருவது 93,000 ரூபாய். ஒன்றரை மாதச் சம்பளம்.

இதையே ஆணையாளர் நாயகம் கணக்கிட்டால் எவ்வளவு என்று பாருங்கள். வர்த்தமானியில் வந்த சூத்திரப்படி முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறிலிருந்து பதினான்காம் வருடம் வரை வருடத்துக்கு இரண்டு மாதம். உங்களுக்குப் பன்னிரண்டரையும் எட்டும், ஆக இருபதரை மாதம்: 1,271,000 ரூபாய். 2021 இல் உயர்த்தப்பட்ட 25 இலட்ச உச்சவரம்புக்குள் இது அடங்கும். பணிக்கொடை இதற்கு வெளியே, தனியாக. ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் ஏற்கெனவே உங்கள் பணம். அவற்றைத் தருகிறோம் என்று யாராவது சலுகை போலச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

என்னிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் கையெழுத்து வைத்த பிறகுதான் வருகிறார்கள். 'வாசிக்கத் தரவில்லை', 'இங்கிலீசில் இருந்தது', 'எல்லாரும் வைத்தார்கள்' என்பார்கள். படிவத்தை வாங்கிப் பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும். 'எனது சொந்த விருப்பத்தின் பேரில் பதவி விலகுகிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை', அதன் கீழே கையெழுத்து, பக்கத்தில் அடையாள அட்டை இலக்கம். சொந்த விருப்பத்தில் விலகியவரை முதலாளி நிறுத்தவில்லை. நிறுத்தவில்லை என்றால் ஆணையாளருக்கு விசாரிக்க ஒன்றும் இல்லை. மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் அதன்பின் உங்கள் தலையில். காசு வங்கிக்கு வந்து, அதில் நகையையும் மீட்டுவிட்ட பிறகு அந்த வாதத்தை யாரும் இலகுவில் ஏற்பதில்லை. படிவத்தின் ஒரு பிரதியைத் தமிழில் எழுத்தில் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் திகதி முக்கியம்.

உங்களைவிட எனக்குக் கவலை வீட்டில் இருக்கச் சொல்லப்பட்டவர்களைப் பற்றித்தான். அவர்கள் தங்களை நிறுத்தவில்லை என்று நினைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி இருப்பார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும், மூடியதால் வேலை இல்லாமல் போவதும் வேலை முடிவுறுத்தல் என்ற வரையறைக்குள்ளேயே வரும். ஆணையாளருக்கு மனுப்போட ஆறு மாதந்தான் உண்டு. அந்த ஆறு மாதம் வீட்டுக்கு அனுப்பிய அன்றே தொடங்கிவிட்டது என்று கம்பனியின் சட்டத்தரணி வாதிடுவார், அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையே வாதிடுவேன். 'அடுத்த மாதம் கொள்கலன் வருகிறது, கூப்பிடுவோம்' என்று மாதத்துக்கு ஒரு தகவல் அனுப்பியே ஆறு மாதத்தையும் கடத்திவிடுவார்கள். ஏழாம் மாதம் வந்து என் முன் அழுபவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அவர்களை இந்த வாரமே மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். வேலையிலிருந்து நிறுத்தியதற்கான கடிதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேற்றை மறிக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். நான் மேலே சொன்ன பாதுகாப்பு முழுவதும் 'ஒழுக்காற்றுக் காரணம் தவிர' என்ற ஒரு நிபந்தனையில் தொங்குகிறது. இப்போது கம்பனியிடம் உங்களுக்கு எதிராக எந்தக் காரணமும் இல்லை. வண்டிகளை மறித்த மறுநாள் பெயர் பெயராகக் குற்றப்பத்திரிகை வரும், சி.சி.ரி.வி. படமும் இருக்கும். ஒழுக்காற்று நடவடிக்கையாக நிறுத்தினால் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதையும் சரியாகச் செய்வார்கள். அப்புறம் உங்கள் இடம் தொழில் நியாய சபை. இருபதரை மாதச் சூத்திரம் அங்கே இல்லை, 'நீங்கள் செய்தது சரியா' என்ற விசாரணைதான் இருக்கும். ஒரு வண்டியின் டாங்கி நசுங்கினாலும் அந்தச் சேதத்தைக் காட்டிப் பணிக்கொடையிலும் கை வைக்கப் பார்ப்பார்கள். இளம் பொடியன்கள் சூடாக இருப்பார்கள் என்று தெரியும். ஒன்பது வருடம் வேலை செய்த உங்கள் சொல்லைக் கேட்பார்கள், நீங்களே போய்ப் பேசுங்கள்.

வழக்குப் போடலாமா என்று கேட்டீர்கள். உரிமை இருக்கிறது. ஆனால் நான் உங்களுக்குச் சமரசத்தைத்தான் சொல்வேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது உள்ளூரில் பொருத்துகிறவர்களுக்குச் சந்தை கிடைத்தது. 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு அந்தச் சாதகம் போய்விட்டது. ஆகவே கம்பனி சொல்லும் காரணம் முழுப் பொய்யாக இருக்காது, ஆணையாளர் மூடுவதற்கு அனுமதி கொடுக்கவும் கூடும். கொடுக்காமல் உங்கள் பக்கம் கட்டளை வந்தாலும், கம்பனி அதை ரத்துச் செய்யும்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்டுப் போகலாம். அது வருடக்கணக்கில் இழுபடும். கட்டளைப்படி கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடலாம், சரி. அறவிட என்ன மிஞ்சியிருக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கட்டடம் வாடகையா? இயந்திரங்களும் நிற்கும் வண்டிகளும் வங்கிக்கு ஈடா? ஈடு வைத்த சொத்தில் வங்கிதான் முதலில் கை வைக்கும். கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் கொட்டகையைப் பார்த்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கம்பனியிடம் காசும் விற்கும் வண்டிகளும் இருக்கிற இந்தக் கிழமைகளில்தான் உங்கள் பேரத்துக்குப் பலம்.

ஆகவே தனித்தனியாகப் பேசாமல் எல்லோரும் சேர்ந்து திருகோணமலை தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், பிரதியை நாரஹேன்பிட்டவில் உள்ள ஆணையாளர் நாயகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பேச்சுவார்த்தை தொழில் அலுவலர் முன்னிலையில் நடக்கட்டும். பணிக்கொடையைத் தனியாக வைத்துவிட்டு, நட்டஈடாகப் பன்னிரண்டு மாதத்துக்குக் குறையாமல் ஒரே தவணையில் தருவதாக இருந்தால், உங்கள் நிலையில் உள்ளவர் எடுத்துக்கொள்வது நல்லது. இருபதரைக்காகப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். தவணை முறையில் என்றால் வேண்டாம், மூடும் கம்பனியின் மூன்றாவது காசோலையை நான் நம்புவதில்லை. ஒப்பந்தம் அலுவலர் முன்னிலையில் எழுதப்பட்டு, பணம் கணக்குக்கு வந்த பிறகுதான் விலகல் கடிதம்.

மேன்பவர் பொடியன்கள் விஷயம். கம்பனி 'எங்கள் ஆட்கள் இல்லை' என்று சொல்லும், ஏஜென்சி 'கம்பனியைக் கேள்' என்று சொல்லும். யார் வேலை ஏவினார், யார் லீவு கொடுத்தார், யாருடைய வரவுப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அது தீரும். அவர்களுடைய வரவுப் பதிவு, சம்பளச் சீட்டு, சூப்பர்வைசர் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் இன்றே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கேற் பூட்டிய பிறகு உள்ளே இருக்கும் புத்தகத்தை யாரும் உங்களுக்குக் காட்டமாட்டார்கள். உங்கள் முறைப்பாட்டில் அவர்களைச் சேர்க்காமல் தனி மனுவாகக் கொடுக்கச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய பிரச்சினை தீரும்வரை உங்கள் விசாரணையும் நிற்கும். ஆனால் தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.